பழைய வண்டியைப் புதுப்பித்தல்



முப்பத்துநான்கு ஆண்டுகள் சுண்ணக்கட்டியும் கையுமாய்ப் பள்ளிக்கூடத்தில் காலங்கழித்த ஒருவன், அமெரிக்க நாட்டின் பழைய வேகக் கார்களைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறான் என்பது உங்களில் பலருக்கு வியப்பைத் தரலாம். எனக்கென்று ஒரு மோட்டார் வண்டி ஒருநாளும் இருந்ததில்லை. ஆசிரியனாக இருந்தபோது சைக்கிளில் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியனான பிறகும் சைக்கிளில்தான் போனேன். ஓய்வு பெற்ற அன்று போட்ட மாலைகளையும் அந்தச் சைக்கிளின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டே வீடு திரும்பினேன். ஆகவே நான் சொல்லப்போவது நிபுணனின் பேச்சன்று. அருகில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவனின் பேச்சு.

என் மகன் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு வடக்கே வசிக்கிறான். 2022, 2023 ஆகிய ஈராண்டுகளிலும் கோடைகாலத்தை நானும் என் மனைவியும் அவன் வீட்டில் கழித்தோம். அந்நாட்டில் தெருவிலே நடந்து செல்லும் மனிதரைக் காண்பது அரிது. பேச்சுத்துணையின்றி நான் வாசலில் நின்றிருந்த ஒரு முற்பகலில், அடுத்த வீட்டுக் கார்க் கொட்டகையின் கதவு உயர்ந்திருந்தது. உள்ளே ஒரு காரின் உடல் மரக்கட்டைகளின்மேல் தனியே கிடந்தது. அதன் அடிச்சட்டம் வேறோர் இடத்தில். எஞ்சின் மூன்றாவது இடத்தில். எண்ணற்ற சிறு பொருள்கள் பெயர் எழுதிய பைகளில் கட்டப்பட்டுச் சுவரோரம் வரிசையாக இருந்தன. நடுவில், ஏறக்குறைய என் வயதுடைய ஒருவர், கம்பித் தூரிகையால் ஓர் இரும்புத் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் பேச ஆளின்றி இருந்தார் போலும். ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினார். அந்த முக்காலி அந்தக் கோடை முழுவதும் என்னுடையதாயிற்று.

அங்கே பிரிந்து கிடந்தது, 1970ஆம் ஆண்டின் ஷெவர்லே ஷெவெல் எஸ்.எஸ். 396 என்னும் கார். அவருடைய தந்தையார் அதைப் புதிதாக வாங்கியபோது இவருக்கு வயது பன்னிரண்டு. இத்தகைய வண்டிகளை அந்நாட்டவர் 'மசில் கார்' என்பார்கள். தசை வலிமை மிக்க வண்டி என்று பொருள் கொள்ளலாம். நடுத்தர அளவுள்ள, குடும்பத்தார் கடைக்குச் சென்றுவரும் சாதாரணக் காருக்குள், பெரிய காருக்கென்று செய்த எஞ்சினை வைத்துவிடுவதே இதன் சூட்சுமம். 1964ஆம் ஆண்டில் பாண்டியாக் பிரிவின் பொறியாளர்கள் இதைச் செய்த விதம் சுவையானது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று அவர்களுடைய தலைமை நிறுவனமாகிய ஜெனரல் மோட்டார்ஸ் விதி வகுத்திருந்தது. அவர்களோ 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாதிரியாக அறிவிக்காமல், 'டெம்பெஸ்ட்' காருக்கு வேண்டுவோர் கேட்டுப் பெறும் கூடுதல் வசதியாக விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஜி.டி.ஓ. என்று பெயர் பெற்ற அந்த வண்டி நன்றாக விற்றது. விதியை மீறியவர்களை யாரும் பிறகு கேட்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் இப்படிப்பட்ட கெட்டிக்காரர்கள் வகுப்புக்கு இருவர் இருப்பார்கள்.

அதன்பின் ஏனைய நிறுவனங்களும் போட்டியில் இறங்கின. 1966இல் கிரைஸ்லர் நிறுவனம் 426 கன அங்குல 'ஹெமி' எஞ்சினைத் தெருவில் ஓடும் கார்களுக்குத் தந்தது. 1970இல் ஷெவெல் காரிலேயே 454 கன அங்குல எஞ்சின், 450 குதிரைத் திறன் என்ற கணக்குடன் கிடைத்தது. நம் அம்பாசடர் காரில் நெடுங்காலம் இருந்த எஞ்சின் ஒன்றரை லிட்டர் அளவுள்ளது. இந்த 454, ஏறத்தாழ ஏழரை லிட்டர். அந்த வெறி நீடிக்கவில்லை. இளைஞர் ஓட்டும் வேகக் கார்களுக்கு இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறிற்று. 1970இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பத்தே ஆண்டுகளுக்குள் அந்தக் கதை முடிந்தது. பாண்டியாக் என்ற பெயரே 2010ஆம் ஆண்டோடு மறைந்துவிட்டது.

நண்பரின் வண்டியைப் பற்றி ஒரு செய்தி. அதன் பக்கத்தில் 396 என்று பொறித்த சின்னம் இருக்கிறது. உண்மையில் எஞ்சினின் அளவு 402 கன அங்குலம். 1970 மாதிரிக்காக அதைச் சிறிது பெரிதாக்கியவர்கள், மக்கள் மனத்தில் பதிந்த பழைய எண்ணை விட விரும்பாமல் சின்னத்தை மாற்றாது வைத்துவிட்டார்கள். வண்டி பிறக்கும்போதே அதன் மார்பில் ஒரு சிறிய பொய் ஒட்டப்பட்டிருந்தது. இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பின்னால் நடந்ததை நினைக்கும்போது, அந்தச் சிரிப்பு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

இந்த வண்டிகளுக்குப் பகைவன் துருதான். டெட்ராய்ட் நகரத்திற்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, பெரியதோர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் சாலையில் உறையும் பனிக்கட்டியைக் கரைக்க அந்த உப்பை எடுத்துத் தூவுகிறார்கள். உலகத்துக்கே கார் செய்து கொடுத்த ஊரின் வயிற்றில், காரைத் தின்னும் பொருளும் இருக்கிறது. உப்பு நீர் சக்கரங்களால் அடிபட்டு, தகடும் தகடும் சேரும் மடிப்புகளில் புகுந்து, வெளியே தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கும். ஷெவெலில் பின்சக்கரத்திற்குப் பின்னுள்ள பக்கத்தகட்டின் அடிப்பகுதி, கால் வைக்கும் தளம், பின்பெட்டியின் தரை, பின்கண்ணாடியின் ஓரம் ஆகியவை முதலில் போகும். நண்பர் ஒரு திருப்புளியின் முனையால் தளத்தை மெல்லக் குத்தினார். அது அப்பளம்போல் நொறுங்கியது.

இங்கேதான், புதுப்பிப்பவன் முதல் கேள்வியைச் சந்திக்கிறான். எவ்வளவை வெட்டி எறிவது? இன்று இந்த வண்டிகளுக்கு வேண்டிய தகடுகள் யாவும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. முதல் தலைமுறை மஸ்டாங் காருக்கு முழு உடலே புதிதாகக் கிடைக்கிறது. பணமிருப்பவன், பழைய காரின் ஓர் ஆணியும் இல்லாமலே ஒரு பழைய காரைச் செய்துவிடலாம். நண்பர் அப்படிச் செய்யவில்லை. தளத்தில் அழுகிய பகுதியை மட்டும் அளந்து வெட்டி, அதே அளவுக்குப் புதுத்தகடு வைத்துப் பற்றவைத்தார். முழுத் தளத்தையும் மாற்றுவதைவிட இதற்கு மூன்று மடங்கு நாள் ஆயிற்று. என் மனைவிகூட, இந்த மனிதர் என்ன, பழைய புடவைக்கு ஒட்டுப் போடுகிறாரா என்று கேட்டாள். ஒருவகையில் அதேதான்.

வேறொரு தவறும் உண்டு. வண்டியை மிகையாகப் புதுப்பிப்பது. தொழிற்சாலையில் மணிக்கு ஐம்பது அறுபது வண்டிகள் வரிசையில் ஓடின. தொழிலாளிக்குக் கிடைத்தது ஒரு நிமிட நேரம். ஆகவே கதவிடுக்குகள் சமமாயிரா; அடிப்பகுதியில் வண்ணம் திட்டுத் திட்டாகத் தெறித்திருக்கும்; சோதித்தவர் மெழுகுக் கோலால் கிறுக்கிய அடையாளங்கள் அப்படியே இருக்கும். இன்று புதுப்பிப்போர் பலர், கண்ணாடிபோல் பளபளக்கும் வண்ணத்தைப் பூசி, ஒருநாளும் இல்லாத அழகை வண்டிக்குத் தருகிறார்கள். இதைத் தவிர்க்க நினைப்போரோ, பழைய மெழுகுக் கிறுக்கல்களையும் ஆராய்ந்து, அதே இடத்தில் அதே நிறத்தில் மறுபடியும் கிறுக்குகிறார்கள். கவனக்குறைவாகச் செய்ததை இவ்வளவு கவனமாகச் செய்யவேண்டியிருக்கிறதே என்று நான் எண்ணியதுண்டு. ஆயினும் 1974இல் தொடங்கிய தேசியக் கார்வெட் புதுப்பிப்போர் சங்கம் போன்றவை, வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது எப்படி இருந்ததோ அதையே அளவுகோலாகக் கொண்டு மதிப்பெண் இடுகின்றன. அந்த அளவுகோல் எனக்கு நியாயமாகவே படுகிறது. விடைத்தாளில் மாணவன் எழுதியதைத்தான் திருத்த வேண்டும். அவன் எழுதியிருக்க வேண்டியதை அன்று.

புதுப்பிக்காமலே வைத்திருந்த ஒரு வண்டியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 1968இல் வெளிவந்த 'புல்லிட்' என்ற திரைப்படத்தில், ஸ்டீவ் மெக்வீன் என்ற நடிகர் சான் பிரான்சிஸ்கோ நகரின் மேடு பள்ளமான தெருக்களில் ஓட்டிய பச்சை நிற மஸ்டாங் காரைப் பலர் அறிவர். அந்தக் காரை 1974இல் ஒரு சாதாரணக் குடும்பத்தார் வாங்கினர். அந்த வீட்டு அம்மையார் ஓர் ஆசிரியை. அவர் அதைத்தான் நாள்தோறும் பள்ளிக்கு ஓட்டிச் சென்றார். 1977இல் மெக்வீனே கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. பிறகு கிளட்ச் கெட்டு, அது பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்தது. 2018 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் மக்கள் அதை மீண்டும் கண்டனர். 2020 ஜனவரியில் புளோரிடாவில் நடந்த ஏலத்தில், கட்டணமும் சேர்த்து 37 இலட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு அது விலைபோயிற்று. அதன் வண்ணம் மங்கியிருந்தது, தகடு நசுங்கியிருந்தது, இருக்கை கிழிந்திருந்தது. யாராவது அன்பு மிகுதியால் அதைத் தேய்த்துப் பூசியிருந்தால், படப்பிடிப்பில் பட்ட வடுக்கள் அனைத்தும் போயிருக்கும். காலையில் மணியடிக்கும் முன் பள்ளிக்குப் போய்ச் சேரவேண்டிய ஓர் ஆசிரியை அந்தக் காரை ஓட்டினார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இனி எண்களுக்கு வருகிறேன். இதுதான் நான் சொல்ல வந்ததன் உயிர்நிலை.

1970ஆம் ஆண்டு ஷெவெலின் அடையாள எண்ணைப் படித்தால், அது எட்டு சிலிண்டர் கொண்ட மாலிபு என்றுதான் தெரியும், எஸ்.எஸ். வண்டியா, சாதாரண மாலிபுவா என்று தெரியாது. பாண்டியாக் கார்களுக்குத் தொழிற்சாலைப் பட்டியலின் நகலை இன்றும் கட்டணம் செலுத்திப் பெறலாம். 1967க்குப் பிற்பட்ட ஃபோர்டு கார்களுக்கும் அத்தகைய பதிவு உண்டு. இந்த ஷெவெலுக்கு அப்படி எதுவும் கிடைப்பதில்லை. ஆகவே சாதாரண மாலிபுவை வாங்கி, சின்னங்களை ஒட்டி, பெரிய எஞ்சினை வைத்து, எஸ்.எஸ். என்று சொல்லி விற்போர் ஏராளம். உண்மையான வண்டியை வைத்திருப்பவனும் அதை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

நண்பருக்கு ஒரு சாட்சி கிடைத்தது. பெட்ரோல் தொட்டியைக் கீழே இறக்கியபோது, அதன் மேற்புறத்தில் பழுப்பேறிய ஒரு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டியைக் கோக்கும் தொழிலாளிகளுக்காக, எந்த எஞ்சின், எந்தக் கியர்ப் பெட்டி, எந்த நிறம் என்று குறியீடுகளில் அச்சிட்ட வேலைத்தாள் அது. வேலை முடிந்ததும் எங்கேயாவது செருகிவிடுவார்கள். தொட்டியின் மேலும் இருக்கைக் கம்பிச் சுருள்களுக்குள்ளும் அவை அகப்படுவதுண்டு. துருவால் ஓட்டை விழுந்த அந்தத் தாளை, அவர் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தார். நான் பரீட்சை முடிவு பார்க்க வந்த பையன்களின் முகத்தில் கண்ட பாவம் அது.

இரண்டாவது சாட்சி எஞ்சின். ஷெவர்லே எஞ்சின் பிளாக்கில், சிலிண்டர் ஹெட் அமரும் மேற்பரப்பின் முன்கோடியில், வலப்புறமாக, கட்டைவிரல் அகலத்தில் ஒரு சமதளம் நீண்டிருக்கும். அதில்தான் எண்களைச் சுத்தியால் அடித்துப் பொறிப்பார்கள். எந்தத் தொழிற்சாலையில், எந்த மாதம், எந்த நாள் அந்த எஞ்சின் கோக்கப்பட்டது என்பது ஒரு வரி. வண்டியின் அடையாள எண்ணின் பிற்பகுதி இன்னொரு வரி. இந்த எண்ணும் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள தகட்டின் எண்ணும் ஒத்திருந்தால், அந்த எஞ்சின் அந்த வண்டியோடு பிறந்தது. இதை 'எண் பொருத்தம்' என்கிறார்கள். அது மட்டுமன்று. அந்தச் சமதளத்தைத் தொழிற்சாலையில் சீவியபோது மயிரிழைபோன்ற இணைகோடுகள் விழுந்திருக்கும். எண் அந்தக் கோடுகளின்மேல் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அறிந்தவர்கள் எண்ணைப் படிக்குமுன் கோடுகளைத்தான் பார்க்கிறார்கள்.

ஒருநாள் நானும் என் பேரனும் காசின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவம் எடுத்துக்கொண்டிருந்தோம். வேலிக்கு அப்பாலிருந்து அதைக் கண்ட நண்பர், பென்சிலையும் தாளையும் வாங்கிக்கொண்டு போய், அந்தச் சமதளத்தின்மேல் வைத்து என்னையே தேய்க்கச் சொன்னார். எண்களும் கோடுகளும் தாளில் தெளிவாக எழுந்தன. இரண்டு பிரதிகள் எடுத்தேன்.

அடுத்த வாரம் எஞ்சின் பிளாக் கடைசல் பட்டறைக்குப் போயிற்று. தேய்ந்த சிலிண்டர்களை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு பெரிதாக்க வேண்டும். மேற்பரப்பையும் சமப்படுத்த வேண்டியிருந்தால் முன்னுள்ள அந்தச் சிறு தளத்தைத் தொடவே கூடாது என்று, நண்பர் முகப்பில் இருந்தவரிடம் வாய்மொழியாகச் சொன்னார். அவரும் தலையசைத்தார். ஆனால் பிளாக்கின் கழுத்தில் கட்டிய சீட்டில் அது எழுதப்படவில்லை. இயந்திரத்தருகே நின்றவர் முகப்பில் நின்றவர் அல்லர். பிளாக் திரும்பி வந்தபோது, மேற்பரப்பு ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கண்ணாடிபோல் இருந்தது. எண் இருந்த இடத்தில் எங்கள் இருவர் முகமும் தெரிந்தன.

அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு பழந்துணியை எடுத்து அந்த இடத்தை வெகுநேரம் துடைத்தார். அந்த வண்டியை ஒருநாள் விற்று, பேத்தியின் கல்லூரிச் செலவுக்குக் கொடுப்பதாக எண்ணியிருந்தார். எண் பொருத்தமுள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் விலையில் பெரிய வேறுபாடு உண்டு. பட்டறைக்காரர் மன்னிப்புக் கேட்டுக் கூலியைத் திருப்பித் தந்தார். வேறென்ன செய்ய முடியும்?

சில நாட்களில், பழைய கார்ப் பிரியர்கள் கூடும் ஓரிடத்தில் ஒருவர் அவருக்கு ஆறுதல் கூறினார். அந்தக் காலத்து எழுத்தச்சுகளை வைத்திருப்போர் இருக்கிறார்கள். எண்ணை மீண்டும் பொறித்துத் தருவார்கள். சீவிய கோடுகளையும் அப்படியே கொண்டுவந்துவிடுவார்கள் என்றார். முன்கண்ணாடியின் கீழுள்ள அடையாள எண்ணைத் திருத்துவது அந்நாட்டுக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். எஞ்சின் எண்ணை மறுபடி பொறிப்பதைப் பற்றியோ அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சிகள். அதுவும் புதுப்பித்தலின் ஒரு பகுதியே என்பார் சிலர். மோசடி என்பார் சிலர். நண்பரின் வழக்கு இன்னும் நுட்பமானது. வேறோர் எஞ்சினில் பொய்யான எண்ணை அவர் பொறிக்கப்போவதில்லை. அதே எஞ்சின், அதே எண், அதே இடம். பென்சிலால் எடுத்த உருவமே கையில் இருக்கிறது. உண்மையை உண்மையின் இடத்தில் வைப்பதில் என்ன பிழை? இதை அவர் என்னிடம் கேட்டார். நான் உடனே விடை சொல்லவில்லை. எனக்கு நேர்ந்த ஒன்றை மட்டும் சொன்னேன்.

நம் பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. மாணவனின் பிறந்த தேதி அதில் ஒருமுறை ஏறினால், வாழ்நாள் முழுவதும் அவனுக்கு அதுவே பிறந்தநாள். அதில் பிழை நேர்ந்தால் அழிக்கக் கூடாது. பழைய எழுத்து படிக்கும்படியாக ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே சிவப்பு மையில் திருத்தி, தலைமையாசிரியர் கையொப்பமிட வேண்டும். நான் பணியாற்றிய ஓர் ஊரில், பழைய மாணவர் ஒருவர், தலை நரைத்தவர், வேலை தொடர்பாகத் தம் பிறந்த தேதிக்குச் சான்று கேட்டு வந்தார். பதிவேட்டைப் புரட்டினேன். எனக்கு முன்னே, எத்தனையோ ஆண்டுகளுக்குமுன், யாரோ ஒருவர் அந்தத் தேதியைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு அதன்மேல் புதிதாக எழுதியிருந்தார். காகிதம் மெலிந்து மை பரவியிருந்தது. அவர் கொண்டுவந்த ஜாதகமும், அவருடைய தாயார் சொன்னதும், சுரண்டி எழுதிய தேதியோடு சரியாகவே பொருந்தின. முதலில் எழுதியதுதான் பிழை. பின்னர் எழுதியதே மெய் என்று நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் விசாரிக்க வந்த அதிகாரி அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார், ஏட்டை மூடினார். அந்தத் தேதியை அவர் ஏற்கவில்லை. அதே பக்கத்திலிருந்த வேறு இரண்டு பெயர்களையும் அவர் சந்தேகத்தோடு குறித்துக்கொண்டார். மெய்யை எழுதிய கை, எழுதிய முறையினாலே அதைப் பொய்யாக்கிவிட்டது. அந்த மனிதர் பள்ளிப் படிகளில் இறங்கிப் போனதை நான் மறக்கவில்லை.

நண்பர் மூன்று வாரம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் எங்கள் பயண நாள் வந்துவிட்டது. விடைபெறச் சென்றபோது, பிளாக்குக்கு ஆரஞ்சு வண்ணம் பூசியாகிவிட்டது. முன்னுள்ள அந்தச் சிறிய தளம் மட்டும் வெறுமையாக, எண்ணெய் தடவி, அப்படியே விடப்பட்டிருந்தது.

அடுத்த ஆண்டு நாங்கள் போனபோது வண்டி ஒன்றுசேர்ந்திருந்தது. எஞ்சினை முதன்முதலில் முடுக்கும் நாளுக்காக அவர் எனக்குக் காத்திருந்தார். பழைய எஞ்சினில் கேம்ஷாஃப்டின் மேடுகள் தட்டையான டேப்பட்டின்மேல் உராய்ந்து ஓடுகின்றன. புதிய கேம்ஷாஃப்ட் போட்டால், முடுக்கியவுடன் நிமிடத்திற்கு இரண்டாயிரம் சுற்றுக்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். மெதுவாக ஓடவிட்டால் எண்ணெய் தெறித்து எட்டாமல் மேடுகள் தேய்ந்துவிடும். எண்ணெயிலும் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த பொருள் போதிய அளவு இருத்தல் வேண்டும். இக்காலத்துக் கார்களின் புகைக்குழாயிலுள்ள மாற்றிக்கு அது கேடு என்பதால், கடையில் விற்கும் எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். அந்த இருபது நிமிடமும் நண்பர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் தண்ணீரின் வெப்பத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன். தெருவிலிருந்த நாய்கள் எல்லாம் குரைத்தன.

ஓடத் தொடங்கிய பிறகும் இத்தகைய வண்டிக்கு ஓய்வில்லை. அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு வந்து அமரும் இடத்தை அது காத்தது. அமெரிக்கச் சாலைகளில் 1996 ஜனவரி முதல் ஈயப் பெட்ரோல் தடை செய்யப்பட்டது. ஆகவே சிலிண்டர் ஹெட்டில் கடினமான எஃகு வளையங்களைப் பதித்துக்கொள்கிறார்கள். இன்றைய பெட்ரோலில் பத்தில் ஒரு பங்கு எத்தனால் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பர் குழாய்களை இளக வைக்கும். ரப்பரை எல்லாம் மாற்றியாக வேண்டும். பிரேக் எண்ணெயும் ஈரத்தை இழுப்பதே. காலம் தவறாமல் மாற்றாவிட்டால் உள்ளே துருப்பிடிக்கும். குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தி வைக்கும்போது தொட்டியை நிரப்பிவிட்டு, பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். எலியை மறந்துவிடக் கூடாது. இருக்கைப் பஞ்சுக்குள் கூடு கட்டிய எலி, துருவுக்கு அடுத்த பகைவன்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது பாயிண்ட் சரிசெய்யும் வேலை. இந்த எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒரு சிறிய ஜன்னல் இருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் தகட்டை உயர்த்தி, அறுகோணச் சாவியை உள்ளே விட்டு, வலமாகத் திருப்ப வேண்டும். எஞ்சின் தடுமாறத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அரைச் சுற்று பின்னால் திருப்பினால் போதும். ஏறத்தாழ முப்பது பாகையில் சரியாக வந்து நிற்கும். கருவி ஒன்றும் வேண்டா. காது இருந்தால் போதும். காது கொடுத்துக் கேட்டால் எஞ்சினே சொல்லிவிடும் என்றார் நண்பர்.

ஆகஸ்டு மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையன்று, உட்வர்ட் அவெனியூ என்ற நெடுஞ்சாலையில் பழைய கார்களின் பெரிய ஊர்வலம் நடக்கிறது. 1995இல் தொடங்கியது. 1960களில் இளைஞர்கள் இரவில் பந்தயம் ஓடிய அதே சாலை. 2023ஆம் ஆண்டு அந்த நாளில் நானும் நண்பரோடு ஷெவெலில் போனேன். சாலையோரப் புல்வெளியில் வண்டியை நிறுத்தி, பானெட்டை உயர்த்தி வைத்தார். உள்ளே, ரேடியேட்டரின் மேல்சட்டத்தில், கண்ணாடித்தாள் உறைக்குள் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, தொட்டியின் மேல் கிடைத்த வேலைத்தாளின் படம். மற்றது, நான் பென்சிலால் தேய்த்தெடுத்த தாள். அதன் கீழே அவர் தம் கையெழுத்தில், எஞ்சின் இந்த வண்டியோடு பிறந்தது, மேற்பரப்பைச் சீவியபோது எண் அழிந்தது, மீண்டும் பொறிக்கப்படவில்லை என்று எழுதி, மாதமும் ஆண்டும் இட்டிருந்தார்.

பலர் பார்த்தார்கள், பெரும்பாலோர் ஒலியைக் கேட்டுவிட்டுப் போனார்கள். பிற்பகலில் ஒருவர் கைவிளக்கோடு வந்தார். வெறுமையான தளத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு காகிதத்தைப் படித்தார். குனிந்து, பிளாக்கின் வார்ப்பில் புடைத்து நிற்கும் தேதியைத் தேடிப் படித்தார். மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி எண். அந்த எழுத்துகளைச் சீவுபொறி தொட முடியாது. வண்டி பிறந்த நாளுக்குச் சில வாரம் முன்பு வார்த்த எஞ்சின்தான் அது என்று அவருக்கே தெரிந்தது. நிமிர்ந்து ஒரு விலை சொன்னார். எண் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விலை அன்று. ஆனால் எண்ணில்லாத வண்டிக்கு நண்பர் எதிர்பார்த்ததைவிட அதிகம். பேத்தியிடம் கேட்டுச் சொல்வதாக நண்பர் அவருடைய முகவரியை வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் எஞ்சின் லேசாகத் தடுமாறியது. இருட்டிவிட்டது. நண்பர் வண்டியை ஓரமாக நிறுத்தி, என் கையில் விளக்கைக் கொடுத்தார். நான் அந்தச் சிறிய ஜன்னலுக்கு நேரே வெளிச்சத்தைப் பிடித்தேன். அவர் கண்களை மூடிக்கொண்டு, காதைச் சாய்த்து, சாவியை வலமாகத் திருப்பத் தொடங்கினார்.